லோயரிங் ஸ்பிரிங் போட்டு காரை இறக்குவது: எத்தனை மில்லிமீட்டர், எதையெல்லாம் சேர்த்து மாற்றணும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. முன்சக்கர இயக்கம் உள்ள சின்ன ஹேட்ச்பேக். முன்னால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்தரம்). 80,000 கி.மீ. ஓடிவிட்டது, ஷாக் அப்சார்பர் எல்லாம் வண்டியோடு வந்தவைதான். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கண்ணை உறுத்துகிறது, வளைவில் வண்டி சாய்வதும் பிடிக்கவில்லை. 35 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் போதுமா, ஷாக்கும் மாற்றணுமா, மாற்றினால் வண்டி நிஜமாகவே நன்றாக ஓடுமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் பதில். 80,000 கி.மீ. ஓடிய ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங்கை மட்டும் மாட்டாதீர்கள். 35-ஐ 20 அல்லது 25 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். இறக்கப்பட்ட உயரத்துக்கென்றே நீளம் குறைத்துச் செய்த ஷாக், புது பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசாக அமுங்கும்போது முட்டித் தாங்கும் மெத்தை), புது டாப் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பாடியோடு இணைக்கும் பகுதி), கடைசியில் வீல் அலைன்மென்ட், இவ்வளவையும் ஒரே வேலையாக நினைத்துக் கணக்குப் போடுங்கள். அதற்குக் காசு இடிக்கிறது என்றால் சேரும்வரை பொறுத்திருங்கள். பாதி வேலை செய்த வண்டி, ஒன்றும் செய்யாத வண்டியைவிட மோசமாக ஓடும். ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்பிரிங் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது "எவ்வளவு இறங்கும்?" என்றுதான். இறங்கிய பிறகு சக்கரம் மேலே போக எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும் என்று கேட்பவர் குறைவு. இந்த வேலையில் எல்லாமே அந்த மிச்ச இடத்தைப் பொறுத்ததுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உங்கள் வண்டியின் ஒரு முன்சக்கரத்தின் மேல் 300 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் இடத்தில் அளந்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன், அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஏறத்தாழ 2 கிலோ எடை வேண்டும். வண்டி நிற்கும் நிலையிலிருந்து பம்ப் ஸ்டாப்பைத் தொடும்வரை சக்கரத்துக்கு 60 மி.மீ. பயணம் இருக்கிறது. ஒரு குழியின் விளிம்பு சக்கரத்தை மேலே தள்ளும்போது, பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு முன் இந்த ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் 36 ஜூல். விறைப்பில் பாதியைப் பயணத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது அது.

இப்போது 35 மி.மீ. இறக்கி, 25 சதவீதம் விறைப்பான ஸ்பிரிங் போடுகிறீர்கள். விறைப்பு 25 நியூட்டன் ஆகிறது, மிச்சப் பயணமும் 25 மி.மீ. ஆகிறது. ஸ்பிரிங் வாங்கும் ஆற்றல் 8 ஜூல்கூட இல்லை. 36-லிருந்து 8! பழைய 36 ஜூலை அந்த 25 மில்லிமீட்டருக்குள் வாங்க வேண்டும் என்றால் ஸ்பிரிங்கின் விறைப்பு 115 நியூட்டன் இருக்க வேண்டும். தெருவில் ஓடும் காருக்கு அப்படி ஒரு ஸ்பிரிங்கை யாரும் செய்ய மாட்டார்கள். அப்படியானால் மீதியை வாங்குவது யார்? பம்ப் ஸ்டாப்தான். லோயரிங் ஸ்பிரிங் போட்ட வண்டியில் "ஸ்பிரிங் ரொம்ப ஸ்டிஃப்பாக இருக்கிறது" என்று புலம்புகிறவர்கள் பல நேரங்களில் உணர்வது ஸ்பிரிங்கின் விறைப்பை இல்லை. ஒவ்வொரு மேட்டிலும் ஷாக்கின் உடல் பம்ப் ஸ்டாப்பில் போய் முட்டுவதைத்தான் உணர்கிறார்கள்.

அதே ஸ்பிரிங்கை 20 மி.மீ. மட்டும் இறக்குவதாக வடிவமைத்திருந்தால் மிச்சப் பயணம் 40 மி.மீ., வாங்கும் ஆற்றல் 20 ஜூல். 15 மி.மீ. விட்டுக்கொடுத்ததற்கு இரண்டரை மடங்கு கிடைக்கிறது. பயணம் வர்க்கமாக வருவதால் வரும் வித்தியாசம் இது. 35-ஐக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதற்கு முதல் காரணம் இதுதான். என் எண்கள் ஒரு மாதிரிக் கணக்குக்கானவை, உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் விகிதம் போகும் திசை மாறாது.

உங்கள் வண்டியில் நிஜமாக எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது பெரிய வேலையில்லை. வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளி, வெளியே தெரியும் தண்டின் நீளத்தையும் பம்ப் ஸ்டாப்பின் நீளத்தையும் அளந்து கழித்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். முன்பக்க ஸ்ட்ரட்டில் சக்கரத்தின் பயணமும் ஷாக்கின் பயணமும் ஏறத்தாழ ஒன்றே. பின்பக்கம் ஷாக் எங்கே, எந்தச் சாய்வில் மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். இந்த அளவை எடுக்காமல் ஸ்பிரிங் ஆர்டர் போடக் கூடாது என்பது என் கட்சி.

ஆள் ஏறினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்சீட்டில் ஆட்கள், டிக்கியில் பெட்டிகள் என்று ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் 75 கிலோ கூடினால், 25 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங் மேலும் 29 மி.மீ. அமுங்கும். ஏற்கெனவே 35 இறக்கியாயிற்று, இப்போது இன்னொரு 29. வண்டி ஓடாமல் நிற்கும்போதே பின்பக்கம் பம்ப் ஸ்டாப்பின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் வேகமாக ஒரு வளைவில் போய், நடுவில் ஒரு மேடு வந்தால் பின்பக்கத்தின் விறைப்பு திடீரென்று பல மடங்காகும், பின்டயரின் பிடி சட்டென்று போகும். வண்டி பழைய உயரத்தில் இருந்தபோது நீங்கள் பார்த்தே இராத நடத்தை அது. குடும்பத்தோடு நீண்ட தூரம் போகிற வண்டியா, பெரும்பாலும் தனியாக ஓட்டுகிற வண்டியா என்று நீங்கள் சொல்லவில்லை. முதலாவது என்றால் 20 மி.மீ.க்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

இனி, இறக்கினால் வண்டி நன்றாக ஓடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இறக்கினால் ஈர்ப்பு மையம் தாழும், அதனால் ரோடு பிடிப்பு கூடும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எவ்வளவு? வளைவில் உள்பக்க டயர்களிலிருந்து வெளிப்பக்க டயர்களுக்கு மாறும் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரத்துக்கு நேர்விகிதம். அந்த உயரம் 540 மி.மீ. என்று வைத்தால், 35 மி.மீ. இறக்கும்போது எடை மாற்றம் 6 சதவீதம் அளவுக்குக் குறையும். நல்லதுதான், ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்த கை உடனே கண்டுகொள்ளும் அளவு பெரிய மாற்றம் இல்லை. வண்டி சாய்வது குறைந்ததாக நீங்கள் உணர்வது பெரும்பாலும் ஸ்பிரிங் விறைத்ததால் வருவது.

அதற்கு எதிராக வேலை செய்யும் ஒன்றும் இருக்கிறது, மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டிகளில் குறிப்பாக. முன்சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், கம்பெனி உயரத்தில் கிட்டத்தட்ட படுக்கையாக, அல்லது சக்கரப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்து இருக்கும். வண்டியை இறக்கினால் ஆர்மின் உள்முனை கீழே வரும், சக்கரம் இருக்கிற இடத்திலேயே இருக்கும். அதாவது ஆர்ம் இப்போது சக்கரத்தை நோக்கி மேலே ஏறுகிறது. வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், இந்தக் கோணத்தைப் பொறுத்து அமைவது. ஆர்ம் இப்படி மேல்நோக்கித் திரும்பும்போது ரோல் சென்டர், பாடி இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போய்விடும். ஈர்ப்பு மையத்துக்கும் ரோல் சென்டருக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல், அது இப்போது நீண்டுவிட்டது. போட்ட விறைப்பில் ஒரு பங்கு இந்தக் கூடுதல் நெம்புகோலைச் சமாளிக்கவே செலவாகிறது. போதாததற்கு, ஆர்ம் அந்தக் கோணத்தைத் தாண்டிய பிறகு, வெளிப்பக்கச் சக்கரம் மேலே ஏறும்போது அதற்குக் கிடைக்க வேண்டிய நெகட்டிவ் கேம்பரும், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வதும், சரியாகக் கிடைக்காது.

20, 25 மி.மீ. இறக்கினால் இதெல்லாம் தாங்கக்கூடிய அளவில் இருக்கும். 40-ஐத் தாண்டினால் பால் ஜாயின்ட்டை நீளமாக்கி ஆர்மின் கோணத்தைத் திரும்பக் கொண்டுவரும் கிட் வேண்டும். ரேஸ் வண்டி தயார் செய்பவர்கள் அதைச் செய்கிறார்கள். சாதாரணமாக ஓட்டுகிறவர் அவ்வளவு தூரம் போவதில் அர்த்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எனவே வண்டி வளைவில் நன்றாக ஓடுவது மட்டும்தான் குறி என்றால் என் வரிசை வேறு. முதலில் நல்ல டயர், அப்புறம் புது ஷாக், மூன்றாவதாக பின்பக்க ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி). ஸ்பிரிங் நான்காவதாகத்தான் வரும். ஆனால் உங்களுக்கு வண்டியின் தோற்றமும் ஒரு காரணம். அதில் தவறே இல்லை. தினமும் பார்க்கிற, ஓட்டுகிற பொருள் நமக்குப் பிடித்த மாதிரி நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயமானதுதான்.

ஷாக் விஷயத்துக்கு வருகிறேன், கேள்வியின் மையம் அதுதானே. ஸ்பிரிங் ஆற்றலை வாங்கி வைத்துக்கொள்ளும், செலவழிக்காது. திருப்பித் தள்ளும்போது அதை அடக்குவது ஷாக்கின் வேலை. 300 கிலோவும் 20 நியூட்டனும் சேர்ந்தால் வண்டியின் இயல்பான ஆட்டம் நொடிக்கு 1.3 தடவை. 25 நியூட்டன் ஆனால் 1.45 தடவை. பயணிகள் கார்கள் பொதுவாக 1-லிருந்து 1.5 வரை இருக்கும், எனவே இந்த எண்ணில் ஒன்றும் ஆபத்து இல்லை. ஆனால் ஸ்பிரிங் 25 சதவீதம் விறைத்தால், அதே ஷாக்கின் அடக்கும் திறன் ஒப்பீட்டளவில் 10 சதவீதம் குறைந்துவிடுகிறது. புது ஷாக் என்றால் அந்த 10 சதவீதத்தைச் சமாளித்துவிடும். 80,000 கி.மீ. ஓடி உள்ளே எண்ணெயும் வால்வும் களைத்துப்போன ஷாக் சமாளிக்காது. மேட்டைத் தாண்டியதும் வண்டி ஒரு தடவைக்குப் பதில் இரண்டு மூன்று தடவை ஆடும், அதிவேகத்தில் மூக்கு மேலும் கீழும் மிதக்கும். பழைய ஷாக்குக்கு இன்னொரு சோதனையும் காத்திருக்கிறது. உள்ளே இருக்கும் பிஸ்டன் இத்தனை வருஷம் ஓடித் தேய்ந்த இடத்திலிருந்து 35 மி.மீ. தள்ளி இனி ஓடப்போகிறது, பம்ப் ஸ்டாப்பில் அடிக்கடி முட்டவும் போகிறது. ஏற்கெனவே தளர்ந்த சீல் இதில் கசிய ஆரம்பித்தால் ஆச்சரியம் இல்லை. அப்போது மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், இன்னொரு முறை கூலி, இன்னொரு முறை அலைன்மென்ட்.

எந்த ஷாக்? சும்மா கம்பெனி உயரத்துக்கான புது ஷாக் போடலாமா என்றால், 20 மி.மீ. வரை போடலாம். அதற்கு மேல் நீளம் குறைத்த ஷாக்தான் சரி. ஒரே கம்பெனி இரண்டு வகையும் செய்யும். பில்ஸ்டைனில் பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 லோயரிங் ஸ்பிரிங்குக்கென்று நீளம் குறைத்தது. கோனியின் மஞ்சள் நிற ஸ்போர்ட் வகையில் ரீபவுண்டை, அதாவது ஸ்பிரிங் திரும்ப விரியும்போது அடக்கும் வலுவை, கூட்டிக் குறைக்கலாம். விறைப்பான ஸ்பிரிங்குக்கு அந்த வசதி நன்றாகப் பயன்படும்.

நீளம் ஏன் முக்கியம் என்றால், வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கும்போதோ, ஒரு மேட்டில் சக்கரம் முழுசாகத் தொங்கும்போதோ ஷாக் தன் முழு நீளத்துக்கு விரியும். அந்த நிலையில் ஸ்பிரிங் மேலும் கீழும் தன் இருக்கையில் இறுகியே இருக்க வேண்டும். குட்டையான ஸ்பிரிங், நீளமான ஷாக் என்றால் ஸ்பிரிங் தளர்ந்து தன் இடத்திலிருந்து நகரும், சக்கரம் மறுபடி தரையில் இறங்கும்போது தப்பான இடத்தில் உட்காரும். வேலை முடிந்ததும் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினாலோ மேலும் கீழும் ஆடினாலோ அந்தப் பொருத்தம் சரியில்லை, அப்படியே ஓட்டக் கூடாது.

இதனால்தான் பல லோயரிங் ஸ்பிரிங்குகளில் ஒரு முனையில் சில சுருள்கள் மட்டும் நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். வண்டி தரையில் நிற்கும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் கிடக்கும். சக்கரம் தொங்கும்போது விரிந்து ஸ்பிரிங்கை இடத்தில் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் விளம்பரத்தில் புரோகிரசிவ் என்று போட்டு, "மெதுவாகப் போகும்போது மென்மை, வேகத்தில் விறைப்பு" என்பார்கள். நின்ற நிலையிலேயே அந்தச் சுருள்கள் ஒட்டிவிட்டால் ஓடும்போது அது கிட்டத்தட்ட லீனியர் ஸ்பிரிங்தான், அதாவது விறைப்பு மாறாமல் ஒரே அளவில் இருப்பது. பயணம் முழுக்க விறைப்பு கூடிக்கொண்டே போகும் நிஜமான புரோகிரசிவ் ஸ்பிரிங்கும் உண்டு. அதற்கு ஒத்துப்போகும்படி ஷாக்கை டியூன் செய்வது கஷ்டம். எனக்கு லீனியர்தான் பிடிக்கும். வண்டி அடுத்து என்ன செய்யும் என்று கைக்குத் தெரியும்.

வாங்கும்போது இன்னொன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள். நல்ல தயாரிப்பாளர்கள், ஐபாக், எச் அண்ட் ஆர் மாதிரி, ஒரே மாடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பிரிங் செட் வைத்திருப்பார்கள். இன்ன எடைவரை முன் ஆக்சிலுக்கு இது, அதற்கு மேல் இது என்று குறித்திருப்பார்கள். டீசல் என்ஜின் பெட்ரோலைவிடக் கனம், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் எடை கூட்டும். பெட்ரோல் வண்டியின் ஸ்பிரிங்கை டீசலில் போட்டால் 35 என்று எழுதியிருந்தது 45 இறங்கும். தேவைக்கு மேல் கனமான செட்டைப் போட்டால் முன்னால் இறங்கவே இறங்காது. உங்கள் வண்டியின் ஆக்சில் எடை பதிவுப் பத்திரத்திலோ கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ இருக்கும். பின்பக்கம் தானாகவே உயரத்தைச் சரிசெய்யும் நிவோமேட் மாதிரி ஷாக்கோ, ஏர் சஸ்பென்ஷனோ இருக்கும் வண்டிகளுக்குச் சாதாரண லோயரிங் ஸ்பிரிங் ஒத்துவராது.

செலவு குறையும் என்று இருக்கிற ஸ்பிரிங்கையே வெட்டித் தருவதாக யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஆறு சுருள் வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும், அது கணக்கில் வருகிற விஷயம். ஆனால் வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கினால் ஸ்பிரிங் கழன்று விழும் வாய்ப்பும் உண்டு. சூடாக்கி உட்கார வைப்பது அதைவிட மோசம். ஸ்பிரிங் எஃகின் வலுவே அதற்குக் கொடுத்த வெப்பப் பதனத்தில்தான் இருக்கிறது. கேஸ் தீயைக் காட்டியதும் அந்த இடத்தில் அது போய்விடும். பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்தில் மேலும் மேலும் அமுங்கும், அல்லது உடையும். நான்கு சக்கரமும் தரையில் நிற்க நம்பியிருப்பது இந்த நான்கு கம்பிகளைத்தான், இதில் சிக்கனம் வேண்டாம்.

அலைன்மென்ட் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. இறக்கிய வண்டியில் டயர் உள்பக்கம் தேய்கிறது என்றால் கேம்பர்தான் காரணம் என்பார்கள். கேம்பர் மாறுவது உண்மை. சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கும், 30 மி.மீ.க்கு அரையிலிருந்து ஒரு டிகிரி வரை வரலாம். அந்த அளவு கேம்பர் மட்டும் டயரை அவ்வளவு சீக்கிரம் தின்றுவிடாது. டயரை நிஜமாகத் தின்பது டோ, அதாவது சக்கரம் நேரே பார்க்காமல் திரும்பி நிற்கும் கோணம். வண்டி இறங்கும்போது டை ராடின் (ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டின்) கோணமும் லோயர் ஆர்மின் கோணமும் வேறுவேறு அளவில் மாறுவதால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பிவிடும். எந்தத் திசை என்பது ஸ்டீயரிங் ரேக் ஆக்சிலுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஒரு சக்கரத்தில் அரை டிகிரி டோ தப்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் 9 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் இழுத்துத் தேய்க்கப்படுகிறது. அப்படிச் சில ஆயிரம் கி.மீ. ஓடினால் டயரின் கதை முடிந்தது. நல்ல செய்தி, முன்சக்கர டோவைச் சரிசெய்ய வண்டியிலேயே வசதி இருக்கிறது. கேம்பருக்கு அந்த வசதி இல்லாத வண்டிகளில் ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்கும் பாகத்தையும்) இணைக்கும் போல்ட்டுக்குப் பதிலாக மையம் விலகிய கேம்பர் போல்ட் போட்டுக் கொஞ்சம் திருத்தலாம். பின்பக்க டார்ஷன் பீமில் இரண்டு சக்கரமும் சேர்ந்து இறங்குவதால் பெரிதாக ஒன்றும் மாறாது.

மாட்டும் வேலையைப் பற்றி. இருக்கிற ஸ்ட்ரட்டிலிருந்து பழைய ஸ்பிரிங்கைக் கழற்றுவதுதான் இதில் ஆபத்தான இடம். 100 மி.மீ. அமுக்கி வைத்த ஸ்பிரிங் 200 கிலோவுக்கு மேல் விசையோடு காத்திருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரசரில் சரியாகப் பிடிக்காமல் மேல் நட்டைத் தளர்த்தினால் அது பாயும், ஆள் உயிருக்கே ஆபத்து. சுவரில் பொருத்திய கம்ப்ரசர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் செய்யச் சொல்லுங்கள். தேய்ந்த கொக்கி கம்ப்ரசரை வைத்து வீட்டு வாசலில் செய்யும் வேலை இது இல்லை.

மெக்கானிக்கிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், பின் பீமின் புஷ் ஆகியவற்றின் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தின் மேல் நிற்கும் நிலையில்தான் மறுபடி இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கிய நொடியிலிருந்து அந்த ரப்பர் எப்போதும் முறுக்கியே இருக்கும். சீக்கிரம் கிழியும், கிழியும்வரை ஒரு கூடுதல் ஸ்பிரிங் மாதிரி வண்டியைத் தூக்கியும் பிடிக்கும். "ஸ்பிரிங் போட்டும் சொன்ன அளவு இறங்கவில்லை" என்ற புகாரில் கணிசமான பங்கு இதனால் வருவது. ஸ்பிரிங்கை மட்டும்தான் மாற்றுகிறோம், ஆர்மைத் தொடவே இல்லை என்றாலும் உயரம் மாறியதால் அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி இறுக்குவது நல்லது. அதேபோல் தயாரிப்பாளர் ஒரே முறை பயன்படுத்தச் சொல்லியிருக்கும் போல்ட், நட்டுகளைப் புதிதாகவே போடச் சொல்லுங்கள். பம்ப் ஸ்டாப்பைக் குட்டையாக்கச் சொல்லி ஸ்பிரிங்கோடு வந்த காகிதத்தில் இருந்தால் சொன்ன அளவு மட்டும் வெட்டலாம். அதை எடுத்தே விடுவது மகா தப்பு. பிறகு ஷாக்கின் உள்ளே உலோகத்தோடு உலோகம் மோதும்.

உயரத்தை அளக்கும்போது தரையிலிருந்து ஃபெண்டர் வரை அளக்காதீர்கள், டயர் காற்று மாறினால் அளவு மாறும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு இடத்திலும் அளந்து, வேலைக்கு முன்பே எழுதி வையுங்கள். இந்த அளவு ஹெட்லைட்டுக்கும் உதவும். முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கினால் ஒளியின் கோணம் மாறாது. பின்பக்கம் மட்டும் 10 மி.மீ. அதிகமாக இறங்கிவிட்டால், 2,550 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையில் உள்ள தூரம்) உள்ள வண்டியில், 10 மீட்டர் தள்ளி விழும் ஒளியின் விளிம்பு 4 செ.மீ. மேலே ஏறும். கீழ்நோக்கிக் கொடுத்திருக்கும் சாய்வே 10 மீட்டருக்கு 10 செ.மீ. அளவுதான், எதிரில் வருபவருக்குக் கண் கூசும். ஹெட்லைட்டைச் சரிபார்த்துத் திருத்துங்கள். கண்ணாடிக்குப் பின்னால் கேமராவோ முன்னால் ரேடாரோ இருக்கும் வண்டி என்றால் அவற்றையும் மறுபடி கேலிபிரேட் செய்ய வேண்டிவரும். உங்கள் நாட்டில் ஸ்பிரிங் மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டுமா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கடைசியாக கிரவுண்ட் கிளியரன்ஸ். 170 மி.மீ. கிளியரன்ஸும் 2,600 மி.மீ. வீல்பேஸும் உள்ள வண்டி, ஏறும் சரிவும் இறங்கும் சரிவும் சேர்ந்து ஏறத்தாழ 15 டிகிரி வரும் மேட்டை வயிறு தட்டாமல் தாண்டும். கிளியரன்ஸ் 140 ஆனால் அது 12 டிகிரி. பார்க்க மூன்று டிகிரிதான். ஆனால் ஆட்களோடு போகும்போது பின்பக்கம் இன்னும் தாழ்ந்துவிடும் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் தினமும் தாண்டும் ஸ்பீடு பிரேக்கரிலும், வண்டியை நிறுத்தும் இடத்தின் சரிவிலும் இப்போதே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முழு ஆட்களோடு ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்த அன்றே இறுதி அலைன்மென்ட் செய்வதில் பயனில்லை. புது ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் இன்னும் உட்காரும். அன்றைக்கு டோவை மட்டும் தோராயமாகச் சரிசெய்து ஓட்டுங்கள். 500 கி.மீ. போனதும் நான்கு இடத்திலும் உயரத்தை மறுபடி அளந்து, டாப் மவுண்ட் நட்டையும் ஸ்ட்ரட் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, டயர் ஃபெண்டரின் உள்உறையில் உரசிய தடம் ஏதும் இருக்கிறதா என்று ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்போது நான்கு சக்கர அலைன்மென்ட் செய்யுங்கள். அச்சடித்த அளவுத்தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்க நினைத்திருக்கும் செட்டின் பார்ட் நம்பரையும் உங்கள் முன் ஆக்சில் எடையையும், ஷாக் தண்டில் அளந்த மிச்சப் பயணத்தையும் எழுதினால், அந்த ஸ்பிரிங்குக்கு எந்த ஷாக் பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.